இரண்டு பாயிண்ட் ஈயம்

தொண்ணூறுகளின் நடுவில் திருவல்லிக்கேணியில் சந்துக்குச் சந்து டிடிபி சென்டர் இருந்தது. நான் பக்கம் கட்டக் கற்றுக்கொண்டது ஒரு பழைய வீட்டின் மாடியில். மேலே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், இரவில் அவற்றைத் தூசி படாமல் மூட ஒரு பழைய வேட்டி. கீழே டிரெடில் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது: பில் புக், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. புத்தக வேலை மட்டும் மாடிக்கு ஏறிவிட்டது. கீழே அச்சுக்கோத்தவர்களில் சிலர் மாடிக்கு வந்தார்கள். பலர் வரவில்லை, வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் எங்கள் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். மீசை முளைக்கும் முன்பே எழுத்துக் கேஸ் முன்னால் போய் நின்றவர். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார், புரூஃப் மட்டும் பார்ப்பார். ஆனால் நாங்கள் கட்டிய எந்தப் பக்கமும் அவர் கைபடாமல் வெளியே போகாது. தாளை வாங்கியதும் பிழை திருத்த உட்காரமாட்டார். கையை நீட்டித் தாளைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சற்றுச் சுருக்குவார். அப்போது அவர் படிப்பதில்லை, பார்க்கிறார். “தம்பி, வரியெல்லாம் அது அது இடத்துல இருக்கா, இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கா?” என்பார். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் ஒற்று மிகுமா மிகாதா என்பதெல்லாம்.

கீழ்த்தளத்தில் வரிகளுக்கு நடுவே விடும் இடம் கையால் எடுத்து வைக்கிற பொருளாக இருந்தது. ஈயத்தில் செய்த மெல்லிய பட்டை. லெட் என்பார்கள். ஒரு பாயிண்ட், ஒன்றரை, இரண்டு, மூன்று என்று கனம் வாரியாக இருக்கும். அங்குலத்துக்கு ஏறக்குறைய 72 பாயிண்ட் என்பதால், இரண்டு பாயிண்ட் லெட் ஓர் அங்குலத்தில் 36இல் ஒரு பங்கு. எழுத்தைவிட அதன் உயரம் குறைவு. மை உருளை அதைத் தொடாது, தாளில் அந்த இடம் வெள்ளையாக விழும். இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கையில் எழுத்து. ஒரு வரி நிறைந்ததும் ஒரு லெட்டைச் செருகிவிட்டு அடுத்த வரி. அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போடும்போது லெட்டுகளையும் அளவு பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள். அண்ணாச்சி விரல் நுனியால் தடவியே ஒன்றரையா இரண்டா என்று சொல்லிவிடுவார்.

லெட் போடாமல் கோத்தால் அதற்கு சாலிட் என்று பெயர். காகிதத்தை மிச்சம் பிடிக்கச் சாலிடாகக் கோத்த புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் சாலிடாகக் கோத்தாலும் ஒரு வரியின் எழுத்து இன்னொரு வரிக்குள் கால் நீட்ட முடியாது. ‘தீ’ என்ற அச்சின் உடம்பிலேயே மேற்சுழிக்கு இடம் உண்டு. ‘ரூ’ என்ற அச்சின் உடம்பிலேயே கீழ்வாலுக்கு இடம் உண்டு. உலோகத்தின் மேல் உலோகம் ஏறாது. வரிகள் நெருங்கி நிற்கலாம், இடித்துக்கொள்ளாது. கம்ப்யூட்டரில் அந்தக் காவல் கிடையாது. 12 பாயிண்ட் எழுத்துக்கு 11 பாயிண்ட் வரி இடைவெளி கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைக் குத்தியபடி அப்படியே பிரிண்ட் ஆகி வரும். ஈயம் தானாகச் செய்துவந்த வேலையை இனிமேல் ஒருவர் கண் வைத்துச் செய்தாக வேண்டும் என்று ஆனது அப்போதுதான்.

நாங்கள் வேலை செய்தது பேஜ்மேக்கரில். 1985இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் முதலில் மெக்கின்டாஷுக்காகக் கொண்டுவந்த மென்பொருள் அது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் வெனிஸ் நகரத்தில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸின் பெயரையும் முகத்தையும் அந்த நிறுவனம் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தது. மென்பொருளைத் திறந்தால் பக்கவாட்டில் திரும்பிய அந்த முகம் வரும். அவர் யார் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்ப நம்ம ஆளுன்னு சொல்லு” என்றார். 1994இல் ஆல்டஸை அடோபி எடுத்துக்கொண்டது. அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. தினமும் வேலையைத் தொடங்கும்போது ஓர் அச்சுக்காரர் முகத்தில் விழிப்பது நல்ல வழக்கம்.

பேஜ்மேக்கரில் வரி இடைவெளிக்கென்று ஒரு கட்டம் உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ‘ஆட்டோ’ என்று நிற்கும். எழுத்தளவில் 120 விழுக்காடு என்று கணக்கு: 10 பாயிண்டுக்கு 12, 12 பாயிண்டுக்கு 14.4. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் சரியாக வரும். அதன் சின்ன எழுத்துகளில் பெரும்பகுதி நடுப்பட்டையிலேயே முடிந்துவிடும். மேலே நீள்வது பி, டி, ஹெச், எல் போலச் சில, கீழே இறங்குவது ஜி, பி, ஒய் போலச் சில. தமிழ் அப்படியல்ல. மேலே புள்ளி, இகரச் சுழி, ஈகாரச் சுழி. கீழே உகரமும் ஊகாரமும் எழுத்துக்கு எழுத்து ஒரு விதமாக இறங்கும்: ‘சு’வில் நேர்க்கோடாக, ‘கு’வில் வளைந்து, ‘ளு’வில் மடங்கி. ‘எழுதிக்கொடுத்துவிட்டுப்’ என்று ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். நான்கு புள்ளி, இரண்டு இகரம், நான்கு உகரம். ஒரே சொல்லுக்குள் மேலும் கீழும் இத்தனை நடமாட்டம். இதன் மேலும் கீழும் இதே போன்ற வரிகள் இருக்கும். 120 விழுக்காட்டில் இவை மூச்சு முட்டிக்கொண்டுதான் நிற்கும்.

அண்ணாச்சி இதை ஒரே சொல்லில் முடிப்பார். “பந்தியில வரிசைக்கு நடுவுல இடம் விடலன்னா பரிமாறுதவன் எங்கலே கால் வைப்பான்? கண்ணுக்கும் நடக்க இடம் வேணும்.”

அதனால் நாங்கள் ஆட்டோவை வைப்பதே இல்லை. ஃபாண்டுக்கு ஃபாண்டு நாங்களே எண் கொடுப்போம். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. 12 பாயிண்ட் என்பது எல்லாத் தமிழ் ஃபாண்டிலும் ஒரே 12 பாயிண்ட் அல்ல. வரைந்தவர் மேலும் கீழும் எவ்வளவு இடம் விட்டு ‘க’வை உட்கார வைத்தாரோ அதைப் பொறுத்து, ஒன்றில் 12 கொடுத்தால் 10 போலத் தெரியும், இன்னொன்றில் 14 போலத் திமிறிக்கொண்டு நிற்கும். ஃபாண்டை மாற்றினால் 200 பக்கப் புத்தகம் 180 ஆகும் அல்லது 230 ஆகும். ஆகவே ஒரு நீள நோட்டில் ஃபாண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்திருந்தோம். ஃபாண்டின் பெயர், எந்த அளவுக்கு எவ்வளவு இடைவெளி, நான்கு அங்குல வரியில் உத்தேசமாக எத்தனை எழுத்து, தடித்த எழுத்து உண்டா, சாய்வு உண்டா, ஆங்கிலத்தை எத்தனை பாயிண்ட் குறைத்துப் போட வேண்டும், எந்த எழுத்தின் உருவம் நொண்டுகிறது. “11க்கு 14, தலைப்புக்கு ஆகாது, ‘ஞ’ ஒல்லி” என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது நினைவிருக்கிறது. யார் புதிதாக ஒரு ஃபாண்ட் கொண்டுவந்தாலும் முதல் வேலை ஒரே பத்தியை 13, 13.5, 14, 14.5 என்று நான்கு இடைவெளியில் அடித்து அண்ணாச்சியிடம் கொடுப்பது. அவர் தேர்ந்தெடுத்ததுதான் நோட்டில் ஏறும். அரைப் பாயிண்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று புதிதாக வந்த பையன்கள் கேட்பார்கள். 36 வரிப் பக்கத்தில் அது 18 பாயிண்ட், ஒரு வரிக்கும் மேல். அதைவிட முக்கியம், பக்கத்தின் நிறமே மாறிவிடும். கருத்துத் தெரிந்த பக்கம் சாம்பலாக வெளுக்கும்.

‘ஆட்டோ’வில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரு வரிக்குள் எந்த எழுத்தின் இடைவெளி அதிகமோ அதையே அந்த வரி முழுவதும் எடுத்துக்கொள்ளும். நடுவில் ‘1983’ என்ற எண்ணை வேறு ஃபாண்டில் ஒரு பாயிண்ட் பெரிதாக வைத்தால் போதும், அந்த வரி மட்டும் கொஞ்சம் கீழே தள்ளி உட்காரும். எண்கூட வேண்டாம். இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு வெற்றிடம் பெரிய அளவில் தங்கிவிட்டாலும் அதே கதைதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வரி மட்டும் விலகி நிற்கும். அண்ணாச்சி பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு போட்டுக் கொடுப்பார். நாங்கள் கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி அந்தப் பெரிய வெற்றிடத்தைக் கண்டுபிடிப்போம். எண் கொடுத்து இடைவெளியைக் கட்டிவைக்கும் வழக்கம் இதனாலும் வந்தது.

ஃபாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் எல்லாம் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தவை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கிலம் அடிக்கிறோம் என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. பாமினி, மயிலை, இளங்கோ, ஸ்ரீலிபி, வானவில் அவ்வையார் என்று எத்தனையோ குடும்பங்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதில் அவற்றுக்குள் ஒற்றுமை கிடையாது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வந்தவர்களுக்கு விரல் பழகிய அடுக்கு அது. இடது கையில் யளனகப என்று ஆரம்பிக்கும் பாடம் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ஹையர் பாஸ் செய்த பெண்கள்தான் எங்கள் தெருவின் டிடிபி சென்டர்களை நடத்தினார்கள் என்றே சொல்லலாம். அவர்களுடைய வேகத்தை இன்று வரை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

ஆங்கிலம் என்று நம்பும் மென்பொருளோடு தமிழ் செய்வதில் சில கட்டுக்காவல்கள் இருந்தன. பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. எனவே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் விசையில் கை பட்டால் அந்தப் பத்தியே வேறு மொழியாகிவிடும். ஒரு சொல்லைத் தேடி மாற்றும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ‘த’வைத் தேடினால் ‘து’வும் சேர்ந்து மாறும். ஆங்கில அகராதியை வைத்துச் சொல்லைப் பிளந்து கோடு போடும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுவோம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் மூன்று கட்டத்திலும் சுழி போடுவோம். போடாவிட்டால், இரு ஓரமும் சமமாக வரவேண்டும் என்று மென்பொருள் வரியை இழுக்கும்போது எழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே இடம் விட்டுவிடும். அதன் கணக்கில் புள்ளியும் தனி எழுத்துத்தானே. ‘க்’ என்பதில் புள்ளி நகர்ந்து அடுத்த எழுத்தின் தலைக்குப் போய்விட்டால் படிப்பவர் திகைத்துப் போவார்.

எழுத்திடை வெளியைக் கட்டிவிட்டால் சுமை முழுவதும் சொல்லிடை வெளிக்குப் போகும். தமிழ்ச் சொல் நீளம். பத்திரிகையின் குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் வரும், நடுவே ஆறு ஓடும். கீழ்த்தளத்தில் இதற்குக் கஷ்டப்பட்டதே இல்லை. தமிழில் சொல்லை எந்த எழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம், கோடுகூட வேண்டாம். அச்சுக்கோப்பவருக்கு அது கைப்பழக்கம். ஒற்றெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது மட்டும் கட்டளை. மாடியில் நாங்களும் அப்படியே கையால் முறித்தோம். ‘கொ’வை முறித்துவிடாமல் பார்க்க வேண்டும், கொம்பு மேல்வரியிலும் மீதி கீழ்வரியிலும் நின்றுவிடும். பக்கம் முழுவதும் முறித்துச் சீராக்கிய பிறகு ஆசிரியர் வந்து முதல் பத்தியில் ஒரு சொல்லைச் சேர்ப்பார். எல்லா முறிப்பும் வரியின் நடுவுக்கு வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அதற்காக ஆசிரியர்களை நாங்கள் நொந்துகொண்டதில்லை. சேர்த்த சொல் பல நேரங்களில் நல்ல சொல்லாகவே இருக்கும்.

ஃப்ளாப்பியில் வரும் வேலைகள்தான் மனத்தில் அதிகம் தங்கியிருக்கின்றன. பாரிஸ், டொரன்டோ, லண்டன் என்று போய்ச் சேர்ந்த ஈழத்து எழுத்தாளர்கள் பலருடைய புத்தகங்கள் அந்த ஆண்டுகளில் சென்னையில் அச்சாகின. எழுத்தாளர் எஸ்.பொ. இங்கே மித்ர பதிப்பகம் நடத்திய காலம் அது. அங்கே பாமினியில் தட்டெழுதி, 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் போட்டு, ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். ஃபாண்டையும் சேர்த்து அனுப்புங்கள் என்று எழுதுவோம். சிலர் அனுப்புவார்கள், சிலருக்கு அது என்னவென்றே தெரியாது. ஃபாண்ட் இல்லாமல் கோப்பைத் திறந்தால், இன்ன ஃபாண்ட் இல்லை, பதிலுக்கு இன்னதைப் போடவா என்று பேஜ்மேக்கர் ஒரு பட்டியலைக் காட்டும். சரி என்றால் முந்நூறு பக்கமும் ஜே கே பி ஓ அரைப்புள்ளி. அதையும் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் இருந்தார்கள். டைப்ரைட்டிங் படித்த ஒரு அக்கா அந்த ஆங்கில எழுத்துக் குவியலைத் திரையில் பார்த்துக்கொண்டே, “இது யாழ்ப்பாணத்துல ஆஸ்பத்திரில நடக்கிற கதை” என்றார். விரல் எந்த எழுத்துக்குப் போகும் என்று மனத்துக்குள் ஓட்டிப் படித்திருக்கிறார்.

பாமினி என்றே பெயர் வைத்த ஃபாண்டுகளுக்குள்ளும் பேதம் உண்டு. கைமாறிக் கைமாறி வந்ததில் அகலம் கொஞ்சம் மாறியிருக்கும். அங்கே 212 பக்கத்தில் முடிந்த நூல் இங்கே 215க்குப் போகும். பக்க எண்ணைக் குறித்துப் பொருளடக்கம் போட்டு அனுப்பியிருப்பார்கள், அது முழுவதும் வீண். இதற்காகவே வேலைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்போடு படங்களையும் அந்த வேலைக்குப் பயன்பட்ட அதே ஃபாண்டையும் உள்ளே வைத்துப் பூட்டுவோம். விண்டோஸின் ஃபாண்ட் ஃபோல்டரில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் கம்ப்யூட்டர் திறக்கவே நேரமாகும். வேலை முடிந்ததும் ஃபாண்டை இறக்குவதும், மறுபதிப்பு வந்தால் ஏற்றுவதும் எங்கள் அன்றாடம்.

டிசம்பர் வந்தால் புத்தகக் காட்சி ஜுரம். ஜனவரியில் அண்ணா சாலை காயிதே மில்லத் கல்லூரியில் கடை விரிக்க எல்லாப் பதிப்பாளருக்கும் புத்தகம் வேண்டும். அந்த நாட்களில்தான் வரி இடைவெளிக்கு வழக்கு நடக்கும். டெமி எட்டில் ஒன்று அளவு, எழுத்து நிற்கும் உயரம் ஏழு அங்குலம், அதாவது 504 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பாயிண்ட் இடைவெளியில் பக்கத்துக்கு 36 வரி. அப்படி 200 பக்கம் வரும் நாவலில் 7,200 வரி. 13 ஆக்கினால் பக்கத்துக்கு 38 வரி, புத்தகம் 190 பக்கம். 12 ஆக்கினால் 42 வரி, 172 பக்கம். ஃபாரத்துக்கு 16 பக்கம். 200 என்றால் பன்னிரண்டரை ஃபாரம், 190 பன்னிரண்டுக்குள் அடங்கும், 172 பதினொன்றுக்குள் அடங்கும். காகிதமும் பிளேட்டும் ஃபாரக் கணக்கில்தான். பதிப்பாளர் பதினொன்று கேட்பார். அவர் மேல் தப்பில்லை, புத்தகம் விற்றால்தான் அடுத்த புத்தகம். அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, 12இல் கட்டிய ஒரு பக்கத்தையும் 13இல் கட்டிய ஒரு பக்கத்தையும் பதிப்பாளர் முன் அருகருகே வைப்பார். “நீங்களே படிச்சுப் பாருங்க. முடிக்கிற வரைக்கும் நாங்க பேச மாட்டோம்.” பெரும்பாலும் 13 என்று முடியும். நோட்டில் இருந்த 14இலிருந்து ஒரு பாயிண்ட் இறங்கிக் கொடுத்த சமாதானம் அது. அண்ணாச்சிக்கு அந்த ஒரு பாயிண்டும் மனசு கேட்காது.

அவர் மெச்சிப் பேசிய பதிப்பகம் என்றால் க்ரியா. 1974இல் தொடங்கிய க்ரியாவின் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தையும் வரியையும் விரலால் அளப்பார். தமிழ்ப் பக்கத்துக்குக் காற்றும் வெளிச்சமும் விடலாம், அதற்கும் வாசகர் உண்டு என்று காட்டியவர்கள் அவர்கள் என்பது என் கருத்தும்தான். க்ரியா ராமகிருஷ்ணன் 2020இல் மறைந்தபோது அவருடைய அகராதியைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். பக்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

அன்று பட்டர் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து அதிலிருந்தே பிளேட் போடுவார்கள். சிக்கன வேலைக்கு ஃபிலிம் கிடையாது. பிரிண்டரில் கருப்பு கூடினால் புள்ளி ஊதி எழுத்தோடு ஒட்டும், குறைந்தால் புள்ளி காணாமல் போகும். ஷீட்டை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பக்கத்துக்குப் பக்கம் வரி ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்போம். முன்பக்கத்து வரியும் பின்பக்கத்து வரியும் ஒரே கோட்டில் விழுந்தால் தாளில் நிழல் அடிக்காது. துணைத்தலைப்புக்கு மேலும் கீழும் விடும் இடம் வரி இடைவெளியின் முழு மடங்காக இருந்தால்தான் இது நடக்கும். 14 பாயிண்ட் இடைவெளி என்றால் தலைப்பைச் சுற்றி 28 அல்லது 42, நடுவே 35 கிடையாது.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 1999இல் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. அதே ஆண்டு அடோபியின் புதிய பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைன் வந்தது. 2001இல் வந்த ஏழுதான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தாலும் அச்சு வேலைக்குள் அது நுழைய வெகுநாள் ஆனது. 2010இல் அரசு யூனிகோடை ஏற்றது. 2012இல் வந்த சிஎஸ்6இல்தான் இன்டிசைன் இந்திய எழுத்துகளைத் தானே கோக்கத் தொடங்கியது. புள்ளி எழுத்தைவிட்டு நகராது, தேடினால் ‘த’ ‘த’வாகவே கிடைக்கும், பாரிஸில் அடித்தது இங்கே படிக்கக் கிடைக்கும். எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்தக் கட்டுக்காவல்களில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய ஃபாண்டுகள் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

வரி இடைவெளியை இப்போது யார் தீர்மானிக்கிறார்கள் என்றுதான் தேடிப் பார்க்கிறேன். கைபேசியில் படிக்கும்போது, பக்கத்தைக் கட்டியவர் எதுவும் சொல்லாவிட்டால், ஃபாண்டுக் கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும் மேலளவும் கீழளவும்தான் இடைவெளி. யாரோ ஒருவர் ஃபாண்ட் வரையும்போது ஒருமுறை எழுதிய எண் கோடிப் பேர் படிக்கும் வரியைத் தீர்மானிக்கிறது. நன்றாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த நூலுக்கு, இந்தத் தாளுக்கு, இத்தனை வயதில் படிக்கப்போகிறவர்களுக்கு என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அச்சுப் புத்தகத்திலும் ஆட்டோவே நின்றுவிட்ட பக்கங்களைக் கடையில் பார்க்கிறேன். 120 விழுக்காட்டில் ‘ளு’வும் ‘ட்’டும் உரசிக்கொண்டு நிற்கின்றன. எடுத்துச் சொல்ல அண்ணாச்சி இல்லை, அவர் போய்ப் பல வருஷமாகிறது. டிரெடில் எடைக்குப் போயிற்று, கேஸுகளில் இருந்த எழுத்தும் லெட்டும் உருக்கப் போயின. நீள நோட்டு கடையைக் காலி செய்த சமயத்தில் யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை. அது மட்டும் இருந்தால் இன்று தமிழ் ஃபாண்ட் வரைகிற பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

சமீபத்தில் அந்தக் காலத்து ஃப்ளாப்பி நாவல் ஒன்றுக்கு மறுபதிப்பு வேலை வந்தது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6தான், அது ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன். ஃப்ளாப்பியிலிருந்து எப்போதோ சிடிக்கு மாற்றி வைத்ததால் கோப்பு பிழைத்தது. பாமினியை யூனிகோடாக்க நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்து முழுவதும் வந்தது. வரி மட்டும் வரவில்லை, மாற்றும்போது பழைய அளவுகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. முதல் பதிப்பின் பிரதி ஒன்றை எடுத்து, ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அதற்குக் கீழே பத்தாவது வரியின் அடிக்கோடு வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். 48 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது 13.5 பாயிண்ட். பதிப்பாளர் 13 கேட்டு அண்ணாச்சி 14 சொல்லி நடுவே நின்ற புத்தகம் போலிருக்கிறது. புதிய ஃபாண்டுக்கு 13.5 நெரிசலாக இருந்தது. ஒரே பத்தியை 14, 14.5, 15, 15.5 என்று நான்காக அடித்து, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, 15 வைத்தேன். பக்கத்துக்கு 33 வரி, மொத்தம் 14 ஃபாரம். பதிப்பாளர் ஒத்துக்கொண்டார்.